துருப்பிடித்த சைலன்சரை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி இதுதான்: தூத்துக்குடியில் கடலுக்குப் பக்கத்தில் வீடு. பன்னிரண்டு வருடம் ஓடிய சின்ன பெட்ரோல் கார். பின்னால் இருக்கும் சைலன்சர் டப்பாவில் தையல் ஓரமாக ஓட்டை விழுந்து சத்தம் வருகிறது, காலையில் தண்ணீரும் சொட்டுகிறது. பட்டறையில் முன்குழாயிலிருந்து மொத்தத்தையும் மாற்றச் சொல்கிறார்கள். வீட்டிலேயே மாற்ற முடியுமா, எதுவரை மாற்ற வேண்டும்?

முடியும். டப்பாவையும் நடுக்குழாயையும் ஸ்பானர் பிடித்துப் பழகியவர் யாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மாற்றிவிடலாம். புதியதை மாட்ட ஒரு மணி நேரம் போதும். பழையதைக் கழற்றத்தான் மிச்ச நாள் முழுக்கப் போகும். எந்த போல்ட் உடைந்தால் பரவாயில்லை, எந்த ஸ்டட் (தலையில்லாமல் வார்ப்பில் இறங்கிய போல்ட்) உடையவே கூடாது என்பதை மட்டும் அடியில் படுக்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

முதலில் அந்தத் தண்ணீர். கடலோரத்தில் இருப்பவர்கள் எல்லாப் பழியையும் உப்புக்காற்றின் மேல் போடுவார்கள். அது வெளிப்பக்கத்துக்குச் சரி. டப்பா பெரும்பாலும் உள்ளேயிருந்துதான் அரிக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. குழாய் சூடாக இருந்தால் அந்த ஆவி வெளியே போய்விடும். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து கடைத்தெரு என்று இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் பின்டப்பா சூடாவதற்குள் எஞ்சின் நின்றுவிடும். எஞ்சினிலிருந்து மிகத் தள்ளி இருப்பதால் கடைசியில் சூடாகும் இடம் அதுதான். ஆவி அங்கேயே தண்ணீராகி, புகையில் உள்ள அமிலத்தையும் கரைத்துக்கொண்டு அடியில் தேங்கி நிற்கும். அதனால்தான் முன்குழாய் பதினைந்து வருடம் நன்றாக இருக்க, பின்டப்பா ஆறேழு வருடத்தில் ஓட்டையாகிறது. முழுவதையும் மாற்றச் சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம் என்று சொல்வதற்கும் இதுதான் காரணம்.

அடுத்து எல்லோரும் கேட்பது, ஓட்டையை மட்டும் அடைக்கலாமா என்று. டப்பாவின் தகடு புதிதாக இருக்கும்போதே ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய தடிமன்தான். உள்ளேயிருந்து அரித்து வெளியே ஓட்டை தெரியும்போது, அதைச் சுற்றிலும் ஒரு கையளவு தகடு காகிதமாகியிருக்கும். அதில் ஆர்க் வெல்டிங் வைத்தால் பற்று பிடிக்காது, ஓட்டை பெரிதாகும். கடையில் கிடைக்கும் எபாக்ஸி பசை அந்தச் சூட்டில் கருகி உதிர்ந்துவிடும். பியர் டின்னை வெட்டிச் சுற்றி கிளாம்ப் போடுவது ஊருக்குப் போய்ச் சேரும் வரைக்கும் தாங்கும். அவ்வளவுதான். பட்டைத் தகட்டால் போடும் கட்டு, சைலன்சர் சிமென்ட் இரண்டும் நிற்பது நேர் குழாயில் விழுந்த சின்ன ஓட்டைக்கு மட்டுமே, அதுவும் சுற்றுப்பகுதி கெட்டியாக இருந்தால்.

எதுவரை மாற்றுவது என்று முடிவு செய்ய வண்டி குளிர்ந்திருக்கும்போது ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் முன்னாலிருந்து பின்னாலே தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல குழாய் ‘டிங்’ என்று மணி மாதிரி ஒலிக்கும். அரித்த இடத்தில் ‘தப்’ என்று செத்த சத்தம் வரும். சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையை அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் அந்தத் துண்டு போய்விட்டது. குறிப்பாகப் பார்க்க வேண்டியவை டப்பாவின் அடிப்பக்கத் தையல், டப்பாவுக்குள் குழாய் நுழையும் கழுத்து, ரப்பரில் தொங்கும் கம்பி பற்று வைத்த இடம், பின் ஆக்ஸிலுக்கு மேலே வளைந்து போகும் பகுதி. மேலே வெறும் பழுப்பு நிறம் மட்டும் இருப்பது துரு அல்ல என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 409 வகை ஸ்டெயின்லெஸ் குழாய் ஒரு மழைக்காலத்திலேயே பழுத்துவிடும், ஆனால் பல வருடம் உழைக்கும்.

பிறகு டப்பாவையும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் (பட்டறையில் ‘கேட்’) உள்ளங்கையால் குலுக்கிப் பாருங்கள். டப்பாவுக்குள் கடகடவென்றால் உள்தடுப்பு கழன்றிருக்கிறது, டப்பாவோடு அது போய்விடும். கேட்டுக்குள் கடகடத்தால் கதை வேறு. உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூடு உடைந்திருக்கிறது. அதன் துண்டுகள் பின்டப்பாவில் போய் அடைத்து, வண்டி மேடேற மறுக்கும். பீங்கான் தானாக உடைவதில்லை. மிஸ்ஃபயர் ஆகி எரியாத பெட்ரோல் கேட்டுக்குள் போய் எரிந்திருக்கலாம், அல்லது கீழே கல்லில் இடித்திருக்கலாம். பிளக், காயில் கோளாறைச் சரி செய்யாமல் புதுக் கேட் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

கேட்டை எடுத்துவிட்டு நேர் குழாய் வைத்துத் தரும் ‘யோசனை’ கட்டாயம் உங்கள் காதுக்கு வரும். வேண்டாம். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய பொருள் அது. பழைய இரும்பு விலைக்கு அதை வாங்கிக்கொள்ளத் தயாராக இருப்பவர் யாருக்கு நன்மை செய்கிறார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கேட் இல்லாமல், பிஎஸ்4 புகை விதிப்படி வந்த வண்டி புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீத எல்லைக்குள் நிற்பதும் கஷ்டம்.

ஆக, தட்டிப் பார்த்ததில் முன்குழாயும் கேட்டும் கெட்டியாக இருந்தால் டப்பாவை மட்டும், அல்லது டப்பாவோடு நடுக்குழாயை மட்டும் வாங்குங்கள். கடையில் டப்பாவைத் தூக்கிப் பாருங்கள். ஒரே அளவில் இரண்டு இருந்தால் கனமானதை எடுங்கள். வெறும் இரும்பில் கறுப்பு பெயின்ட் அடித்தது மலிவு, ஆனால் கடலோரத்தில் சீக்கிரம் போகும். பெயின்ட் வெளியேதானே இருக்கிறது, அரிப்பது உள்ளே. அலுமினியம் பூசிய தகடு வெள்ளி மங்கலாக இருக்கும், கூடுதல் விலைக்குத் தகும். காந்தம் ஒட்டவில்லை என்று காட்டி ‘ஸ்டெயின்லெஸ்’ என யாராவது விற்றாலும், ஒட்டுகிறதே என்று யாராவது மறுத்தாலும் இரண்டும் முழுச் சோதனை ஆகாது. 304-இல் காந்தம் ஒட்டாது, 409-இல் ஒட்டும். இரண்டுமே ஸ்டெயின்லெஸ்தான்.

டப்பாவோடு கூடவே வாங்க வேண்டியவை: கழற்றப்போகும் ஒவ்வொரு இணைப்புக்கும் புதுப் பேக்கிங், தொங்கும் ரப்பர் எல்லாமே புதிது, ஒவ்வொரு ஃபிளாஞ்சுக்கும் (குழாய் முனையில் போல்ட் போடும் தகடு) புது போல்ட், நட்டு, ஸ்பிரிங் வாஷர் (8.8 கிரேடு), ஸ்பிரிங் போல்ட் வரும் இணைப்பானால் ஸ்பிரிங்கோடு முழு செட், செருகு இணைப்பானால் குழாயின் வெளிவிட்டத்துக்குச் சரியான கிளாம்ப், மரை ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் ஆன்டி-சீஸ் பேஸ்ட் ஒரு டப்பா. பழைய ரப்பரைப் பத்திரப்படுத்த ஆசைப்படாதீர்கள். இழுபட்ட ரப்பர் டப்பாவை ஒரு விரல்கட்டை கீழே இறக்கும், ஸ்பீட் பிரேக்கரில் அது தெரியும்.

வேலைக்கு இரண்டு நாள் முன்பு கம்பி பிரஷ்ஷால் மரையில் உள்ள துருவைத் தேய்த்து உதிர்த்துவிட்டு, குளிர்ந்த குழாயில் துரு இளக்கும் எண்ணெய் அடியுங்கள். மறுநாள் காலையும் மாலையும் திரும்ப அடியுங்கள். டபிள்யூடி-40 இருந்தால் அடிக்கலாம். கியர் எண்ணெய்க் கடையில் கிடைக்கும் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) எண்ணெயும் அசிட்டோனும் சரிபாதி கலந்தால் துருவுக்குள் இன்னும் நன்றாக இறங்கும். அது உடனே பற்றிக்கொள்ளும் கலவை, ஆதலால் கலக்கும் இடத்தில் பீடியும் வேண்டாம், அடித்த இடத்தில் கட்டிங் வீலும் வேண்டாம்.

வண்டியைத் தூக்குவதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. சின்ன கார்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும். டப்பா மாற்ற நீங்கள் தூக்குவதும் பின்பக்கத்தை. தூக்கிய கணத்தில் ஹேண்ட் பிரேக் இருந்தும் இல்லாத மாதிரி. முதல் கியரில் போட்டு, முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பிறகு இரண்டு பக்கமும் ஜாக்கி ஸ்டாண்ட். வண்டியோடு வந்த ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டும்தான், அதை நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது. ஹாலோ பிளாக், செங்கல் வேண்டாம், அது வளைந்து எச்சரிக்காது, ஒரே நொடியில் நொறுங்கும். மண்தரையானால் ஸ்டாண்டுக்கு அடியில் தடித்த பலகை. கழற்றிய ஸ்டெப்னியைப் படுக்கை வாட்டில் பாடிக்கு அடியில் தள்ளி வைத்தால் ஸ்டாண்ட் சரிந்தாலும் தலைக்கு இடம் இருக்கும்.

ஸ்டாண்டைப் பாடியில் குறித்திருக்கும் ஜாக்கி இடத்தில் வையுங்கள், ஆக்ஸிலில் அல்ல. குழாய் ஆக்ஸிலுக்கும் பாடிக்கும் நடுவே போகிறது. ஆக்ஸில் கீழே தொங்கினால்தான் வளைந்த புதுக்குழாயை அந்த இடுக்கில் நுழைக்க இடம் கிடைக்கும். இல்லாவிட்டால் அரை மணி நேரம் போராடிவிட்டு ‘தப்பான பார்ட் கொடுத்துவிட்டான்’ என்று கடைக்காரரைத் திட்டுவீர்கள்.

கண்ணாடி போடாமல் அண்ணாந்து பார்க்காதீர்கள். தட்டினாலே துருத்தூள் கண்ணில் விழும்.

இனி போல்ட். நடுக்குழாயும் டப்பாவும் சேரும் ஃபிளாஞ்சில் இருப்பது பெரும்பாலும் ஊடே போகும் போல்ட்டும் நட்டும். மாருதி வண்டிகளில் எட்டு மி.மீ. மரைக்கு 12 ஸ்பானர், பத்து மி.மீ. மரைக்கு 14 ஸ்பானர் பிடிக்கும். இந்த வகை போல்ட் உடைந்தால் சந்தோஷப்படுங்கள். புதிது ஏற்கெனவே கையில் இருக்கிறது. நீளமான கைப்பிடி போட்டு, கழற்றும் பக்கம் வரவில்லை என்றால் டைட் செய்யும் பக்கமே திருப்பி முறித்துவிடுங்கள். ஆனால் எதிர்ப்பக்கத் தகட்டிலேயே நட்டு வெல்டாகியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

ஆறு மூலை சாக்கெட்டே போடுங்கள். பன்னிரண்டு மூலை சாக்கெட்டும் ஓப்பன் ஸ்பானரும் துருப்பிடித்த நட்டின் மூலையைச் சீவிவிடும். துரு தின்ற 12 நட்டு 12-ஆகவே இருக்காது. ஸ்பானர் ஆடினால் நிறுத்திவிட்டு, 11 சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றித் திருப்புங்கள். அதுவும் சரிப்படாவிட்டால் ஹாக்சா பிளேடால் போல்ட்டுக்கு இணையாக நட்டின் ஒரு முகத்தை அறுத்து, உளியை வைத்து ஒரே தட்டு. நட்டு பிளந்துவிடும்.

மேனிஃபோல்டு (எஞ்சினிலிருந்து புகை வெளியே வரும் வார்ப்பு) அப்படி அல்ல. அங்கே முன்குழாய் பிடிப்பது வார்ப்பிரும்பில் இறங்கிய ஸ்டட்டில். ஸ்டட் மட்டத்தோடு உடைந்தால் ஒரு நாள் வேலை ஒரு வார வேலையாகிவிடும்: நடு குறித்து டிரில் போட்டு, எட்டு மி.மீ. மரையானால் 6.8 டிரில்லில் முடித்து மரை வெட்டும் டேப் ஓட்ட வேண்டும். டிரில் கொஞ்சம் சாய்ந்தாலும் மேனிஃபோல்டையே இறக்க வேண்டிவரும். ஆகவே அந்த இணைப்பு ஒழுகவில்லை என்றால் தொடவே வேண்டாம். கேட்டுக்குப் பின்னால் நல்ல குழாயில் வெட்டி, அங்கிருந்து புதிதைச் செருகலாம்.

கழற்றியே ஆக வேண்டுமானால், எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்திவிட்டு, தடித்த கையுறையோடு மெழுகுவர்த்தியை நட்டின் விளிம்பில் ஒற்றுங்கள். சூட்டில் உருகி மரைக்குள் இறங்கும். பிறகு முதலில் டைட் பக்கம் ஒரு மயிரிழை, அப்புறம் லூஸ் பக்கம் கால் சுற்று. ‘கிரீச்’ என்றால் நிறுத்தி, எண்ணெய் விட்டு, வந்த வழியே திரும்பப் போய், மறுபடி வாருங்கள். ஸ்பானரில் எதிர்ப்பு சீராக இருந்தால் நட்டு வருகிறது. மிட்டாய்ப் பாகு மாதிரி இளகிக்கொண்டே திரும்பினால் வருவது நட்டல்ல, ஸ்டட் முறுகுகிறது. அந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு, பட்டறைக்குக் கொண்டுபோய் நட்டைப் பழுக்கச் சூடாக்கிக் கழற்றச் சொல்லுங்கள். அந்தக் கூலி, உடைந்த ஸ்டட்டுக்குக் கொடுப்பதைவிடக் குறைவு.

நீங்களே வீட்டில் காஸ் விளக்கு வைத்துச் சூடாக்க வேண்டாம். அடித்தட்டில் பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் சைலன்சருக்குப் பக்கத்திலேயே ஓடுகின்றன, பின்சீட்டுக்கு அடியில் டேங்க். இதே காரணத்துக்காகத்தான் டப்பாவை அறுக்கவும் ஹாக்சாவையே சொல்வேன். கிரைண்டர் பொறி எங்கே போய் விழும் என்று படுத்திருப்பவருக்குத் தெரியாது. பழையதைக் காப்பாற்ற வேண்டியதில்லையே, ஆக்ஸிலுக்கு முன்னாலேயே அறுத்து இரண்டு துண்டாக எடுத்துவிடுங்கள். செருகு இணைப்பு துருவில் ஒட்டியிருந்தால் வெளிக்குழாயில் மட்டும் நீளவாக்கில் ஒரு கீறல் அறுத்து உளியால் மலர்த்துங்கள். உள்குழாயில் பிளேடு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது மறுபடி வேண்டும்.

தொங்கும் ரப்பரைக் கழற்றவும் மாட்டவும் சோப்புத் தண்ணீர் போதும். எஞ்சின் ஆயிலோ கிரீஸோ தடவினால் ரப்பர் ஊதி இளகிவிடும்.

முன்குழாயைக் கழற்றும் நிலை வந்தால், புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரை முதலில் கழற்றி ஓரமாக வையுங்கள். பக்கத்தில் கீறல் விட்ட 22 சாக்கெட் அதற்கென்றே கிடைக்கும். கீழே போட்டால் உள்ளே உள்ள பீங்கான் உடையும். திரும்ப மாட்டும்போது மரையில் மட்டும் ஆன்டி-சீஸ் தொட்டுத் தடவுங்கள், முனையில் படக் கூடாது. எந்த இணைப்பிலும் சிவப்பு சிலிக்கான் பேஸ்ட் போடாதீர்கள். முன்குழாயின் சூட்டை அது தாங்காது, அதிலிருந்து வரும் ஆவி சென்சாரையும் கெடுக்கும்.

மாட்டும்போது ஃபிளாஞ்ச் முகத்தில் ஒட்டியிருக்கும் பழைய பேக்கிங்கைச் சுரண்டிப் பளிச்சென்று எடுங்கள். ஒரு கடுகளவு மிச்சம் இருந்தாலும் அங்கே புகை கசியும். வளையப் பேக்கிங்குக்குப் பேஸ்ட் எதுவும் தேவையில்லை. ஸ்பிரிங் போல்ட்டை அதன் படி முட்டும் வரை டைட் செய்தால் முடிந்தது. ஸ்பிரிங் முழுக்க அமுங்கவில்லையே என்று வாஷர் கொடுத்து இறுக்குபவர்கள் உண்டு. முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் எஞ்சின் குறுக்கே இருப்பதால் ஒவ்வொரு முறை ஆக்சிலேட்டர் கொடுக்கும்போதும் அது முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டத்தை வாங்கிக்கொள்ளத்தான் ஸ்பிரிங். அதைக் கட்டிப் போட்டால் குழாய் வேறு எங்காவது விரியும்.

செருகு இணைப்பில் குழாய் குறைந்தது நான்கு சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும். சைலன்சர் பேஸ்டை உள்குழாயின் முனையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் விட்டுத் தடவினால், செருகும்போது பிதுங்குவது வெளியே வரும், உள்ளே கட்டியாக நிற்காது.

எந்த நட்டையும் கடைசி வரை இறுக்காதீர்கள். எல்லாவற்றையும் கைடைட்டாகப் போட்டு, ரப்பரில் தொங்கவிட்டு, எழுந்து போய்ப் பின்னாலிருந்து பாருங்கள். ரப்பர்கள் எந்தப் பக்கமும் இழுக்காமல் நேராகத் தொங்க வேண்டும். பாடி, ஆக்ஸில், ஹேண்ட் பிரேக் கேபிள், டேங்க் எல்லாவற்றிலிருந்தும் குழாய் இரண்டு சென்டிமீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். இரண்டு மீட்டர் இரும்புக் குழாய் 300 டிகிரி சூடேறினால் ஏழு மில்லிமீட்டர் நீளும், குளிர்ந்திருக்கும்போது ‘லேசாகத்தான் படுகிறது’ என்பது ஓடும்போது தட்டலாகிவிடும். ஒழுங்கானதும் முன்னாலிருந்து பின்னாலே இறுக்கிக்கொண்டு வாருங்கள். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பானர் இருந்தால் எட்டு மி.மீ. போல்ட்டுக்குச் சுமார் 20–25 நியூட்டன் மீட்டர், பத்துக்கு 40–50. யு-கிளாம்ப் கடைசியில்தான், ஏனென்றால் அது குழாயை நசுக்கிவிடும். இறுக்கிய பிறகு திருப்பிச் சரி செய்ய முடியாது. கழன்று ஆடும் வெப்பத்தடுப்புத் தகட்டைப் பிய்த்து எறியாமல் அகல வாஷரோடு திரும்பப் பிடித்துவிடுங்கள். உள்ளே கார்ப்பெட் கருகாமல் காப்பது அதுதான்.

எஞ்சினைத் திறந்தவெளியில் மட்டும் ஓடவிடுங்கள், ஷெட்டுக்குள் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. புதுக் குழாயின் மேலுள்ள எண்ணெய் கருகிப் பத்து நிமிடம் புகை வரும், பயப்பட வேண்டாம். ஐட்லிங்கில் ஒருவர் ஈரச் சாக்கை மடித்துப் பின்குழாய் வாயை சில நொடிகள் அழுத்திப் பிடிக்கட்டும், நீங்கள் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். குமிழி வரும் இடத்தில் கசிவு. சாக்கைத் தள்ளிக்கொண்டு புகை வர முயன்றால் நல்லது. தள்ளவே இல்லை என்றால் புகை வழியிலேயே எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. முன்பக்கக் கசிவைச் சத்தம் குறைவுதானே என்று விடக் கூடாது. புகைத் துடிப்புகளுக்கு இடையே அந்த ஓட்டை வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், சென்சார் பெட்ரோல் போதவில்லை என்று நினைத்துக்கொள்ளும், கம்ப்யூட்டர் அதிகமாக ஊற்றும். மைலேஜ் குறைந்து கேட் சூடேறும்.

நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு, குளிர்ந்த நிலையில் எல்லா நட்டையும் ஒரு முறை திரும்ப டைட் பாருங்கள். புதுப் பேக்கிங் முதல் சூட்டில் அமுங்கியிருக்கும், கால் சுற்று போகும். அப்போது புது டப்பாவின் அடியில் மூன்று மில்லிமீட்டர் அளவில் ஒரு துளையையும் அதில் தண்ணீர் சொட்டுவதையும் கண்டால் அடைத்துவிடாதீர்கள். அது தேங்கும் தண்ணீர் வெளியேறக் கம்பெனியே விட்ட வழி. வாரத்தில் ஒரு நாள் வண்டியை அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் மிச்சத் தண்ணீரும் ஆவியாகிவிடும். வாசலில் நிறுத்தி ஐட்லிங்கில் விடுவதால் டப்பா அந்தளவு சூடாவதில்லை.